பார்வையற்றோருக்கும் திறக்கட்டும் வியூக விளையாட்டுகள்

வீடியோ கேம்களில் வியூக விளையாட்டு தனி வகை. ஒரு நாட்டையோ படையையோ குலத்தையோ தொழிற்சாலையையோ ஆடுபவரிடம் ஒப்படைத்து, கையிலிருக்கும் வளத்தைக் கொண்டு அதை வளர்க்கவும் காக்கவும் சொல்வது அதன் இயல்பு. 1991இல் வந்த ‘சிவிலைசேஷன்’, 1992இல் வந்த ‘டூன் 2’, 1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆகியவை இந்த வகைக்கு அடித்தளம் இட்டவை. எந்த நிலத்தில் ஊர் அமைப்பது, எப்போது போருக்குப் போவது, எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்ற முடிவுகளே இந்த ஆட்டங்களின் உயிர். கணக்கும் நினைவாற்றலும் முன்யோசனையும் எதிராளியின் நோக்கத்தை ஊகிக்கும் திறனும் இருப்பவர் வெல்கிறார்.

இந்தத் திறன்கள் எதற்கும் கண்பார்வை அடிப்படை ஆகாது. ஆனாலும் சந்தையில் இருக்கும் பெரும்பாலான வியூக விளையாட்டுகளைப் பார்வையற்ற ஒருவர் காசு கொடுத்து வாங்கினால், முதல் திரையைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஆட்டம் கடினமாக இருப்பதால் இந்த நிலை வரவில்லை. ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பது படமாக மட்டுமே வெளியே வருகிறது. அதே தகவலைப் பேச்சாகவும் ஒலியாகவும் பிரெய்லாகவும் தரும் நுட்பம் இன்று கைக்கு எட்டியிருக்கிறது. தன்னார்வலர்கள் அதைப் பல ஆட்டங்களில் செய்தும் காட்டிவிட்டார்கள். அந்தப் பொறுப்பை இனி ஆட்டங்களை உருவாக்கி விற்கும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும்.

சதுரங்கம் காட்டிய வழி

கணினிக்கு வெகுகாலம் முன்பே பார்வையற்றோர் ஆடிவரும் வியூக விளையாட்டு சதுரங்கம். அவர்களுக்கான முதல் சதுரங்க ஒலிம்பியாட் 1961இல் ஜெர்மனியின் மெஷடே நகரில் நடந்தது. அவர்கள் பயன்படுத்தும் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் அந்தத் துளையில் பொருந்தும் ஒரு முளை. தடவிப் பார்க்கும்போது காய் சாயாது, நகராது. கறுப்புக் காய்களில் விரலுக்குத் தட்டுப்படும் அடையாளம் இருக்கும்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளிலேயே பார்வையற்றோர் ஆடும் முறைக்குத் தனி வழிகாட்டல் உண்டு. இருவரும் தத்தம் பலகையை வைத்துக்கொண்டு, நகர்த்தலை வாய்விட்டுச் சொல்வார்கள். ஒலி மயங்காமல் இருக்கப் பலகையின் நெடுவரிசைகளை அன்னா, பெல்லா, சீசர், டேவிட் போன்ற பெயர்களால் குறிப்பார்கள். பலகையைத் தடவிப் பார்ப்பதைக் காயைத் தொட்டதாகக் கொள்ள முடியாது என்பதால், துளையிலிருந்து காயை எடுத்த பிறகே அது தொடப்பட்டதாகக் கணக்கு. பார்வையுள்ளவரோடு மோதும்போதும் இந்த முறை செல்லும். இந்தியாவின் தர்பன் இனானி 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் சதுரங்கத்தில் தங்கம் வென்றார்.

இந்த ஏற்பாட்டில் ராணியின் வலிமை குறையவில்லை; காய்களின் எண்ணிக்கை மாறவில்லை; பார்வையற்றவருக்கென்று யாரும் ஆட்டத்தை எளிதாக்கவில்லை. தகவல் போய்ச்சேரும் வழி மட்டுமே மாறியது. வீடியோ கேம்களிலும் அணுகல் வசதி என்பதன் பொருள் இதுவே. ஆட்டம் அதே கடினத்தோடு இருக்க வேண்டும். அதை ஆடுவதற்கான வாயில் இன்னொன்றும் திறந்திருக்க வேண்டும். ‘லிசெஸ்’ போன்ற இணையச் சதுரங்கத் தளங்களில் பார்வையற்றோருக்கான முறை இருப்பதால், அவர்கள் நகர்த்தலை எழுத்தாகத் தட்டி யாருடனும் ஆட முடிகிறது.

திரை மௌனமாக இருப்பது ஏன்

பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்ற மென்பொருள் வழியாக. 1989இல் டாஸ் கணினிகளுக்காக வந்த ‘ஜாஸ்’ இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘என்விடிஏ’ இலவசம். அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐபோனில் 2009 முதல் ‘வாய்ஸ்ஓவர்’ இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’ இருக்கிறது. பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள்.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை; மென்பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தியைக் கேட்கிறது. ஒரு மின்னஞ்சல் செயலி திறக்கும்போது, இங்கே ஒரு பொத்தான் இருக்கிறது, அதன் பெயர் ‘அனுப்பு’, இப்போது தேர்வாகியிருப்பது அதுதான் என்ற விவரங்களை இயங்குதளத்திடம் அது ஒப்படைக்கிறது. திரைவாசிப்பான் அவற்றை வாங்கிப் பேச்சாக்குகிறது. வீடியோ கேம் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. பொத்தான், எழுத்து, வரைபடம், படைவீரன் என எல்லாவற்றையும் தானே வரைந்து, வெறும் வண்ணப் புள்ளிகளாகத் திரைக்கு அனுப்பிவிடுகிறது. இயங்குதளத்துக்குத் தெரிவதெல்லாம் ஒரு பெயர் கொண்ட சாளரம் திறந்திருக்கிறது என்பது மட்டும். திரைவாசிப்பானுக்குச் சொல்ல எதுவும் கிடைப்பதில்லை.

திரையிலுள்ள எழுத்தைப் படமாகப் பிடித்து அடையாளம் காணும் வசதி என்விடிஏ உள்ளிட்ட மென்பொருள்களில் உண்டு. அது ஓரளவே உதவும். எழுத்தைப் படித்தாலும் எது பொத்தான், எது தேர்வாகியிருக்கிறது, திரையில் சற்றுமுன் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. வரைபடத்தில் நிற்கும் படைக்கு எழுத்தே இருப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து ஊகிப்பதைவிட, உள்ளிருந்து சொல்வதே முறையான தீர்வு.

வியூக விளையாட்டில் அப்படிச் சொல்வதற்கு எல்லாம் தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு படையின் இடம், பலம், காயம், அடுத்த நகர்வுக்கு மீதமுள்ள தூரம், ஒவ்வொரு ஊரின் மக்கள்தொகை, களஞ்சியத்தின் இருப்பு ஆகிய எல்லாவற்றையும் ஆட்டத்தின் நிரல் எண்களாகவும் பெயர்களாகவும் வைத்திருக்கிறது. திரையில் தெரியும் படம் அந்தத் தரவின் ஒரு வெளிப்பாடு. அதே தரவிலிருந்து இன்னொரு வெளிப்பாட்டைப் பேச்சாகப் பெறலாம். துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் நொடிக்கு நொடி மாறும் காட்சியைச் சொல்லாக்குவது கடினம். எண்ணும் பெயரும் கட்டமுமாக இயங்கும் வியூக விளையாட்டுக்கு அந்தச் சிரமம் குறைவு. எளிதில் திறந்திருக்க வேண்டிய வகையே இன்னும் மூடிக்கிடப்பது வருத்தத்துக்குரியது.

வரைபடத்தைச் சொல்லாக்குதல்

தரவு இருப்பது பாதி வேலை; அதை எப்படிச் சொல்வது என்பது மறுபாதி. கண் ஒரு நொடியில் திரை முழுவதையும் வருடிவிடும். காது ஒன்றன்பின் ஒன்றாகவே வாங்கும். 80 கட்டம் அகலமும் 50 கட்டம் உயரமும் கொண்ட வரைபடத்தில் 4,000 கட்டங்கள் இருக்கின்றன. கட்டத்துக்கு 2 நொடி என்று வைத்தாலும் முழுவதையும் வாசிக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவது அணுகல் ஆகாது. ஆடுபவர் கேட்டதை, கேட்டபோது, கேட்ட அளவில் சொல்வதே அணுகல். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும்: தேர்ந்த வர்ணனையாளர் மைதானத்தின் புல்லையெல்லாம் விவரிப்பதில்லை, அடுத்த பந்துக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியே களம் முழுவதையும் மனதில் நிறுத்திவிடுவார்.

முதல் தேவை, விசைப்பலகையால் நகரும் சுட்டி. அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு கட்டம் நகர வேண்டும். நகர்ந்த கட்டத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அறுகோணக் கட்டங்கள் கொண்ட ஆட்டங்களில் ஒரு கட்டத்துக்கு ஆறு அண்டைக் கட்டங்கள் உண்டு. ஆறு திசைக்கும் ஆறு விசைகளை ஒதுக்கிவிடலாம். சொல்லும் வரிசையும் முக்கியம். ‘எதிரி வில்லாளிகள், பாதிக் காயம், காடு, கிழக்கே ஆறு’ என்று முடிவெடுக்கத் தேவையானது முதலில் வர வேண்டும். பாதி கேட்டதும் போதுமென்று தோன்றினால் அடுத்த விசையை அழுத்தி நகர்ந்துவிடலாம். பேச்சு உடனே அறுபட வேண்டும். இடத்தைச் சொல்லும்போது ஆடுபவர் அறிந்த ஓர் இடத்தை வைத்துச் சொல்வது நல்லது: ‘தலைநகரிலிருந்து கிழக்கே 6, வடக்கே 2’.

இரண்டாவது, வகைவாரியான பட்டியல். என் படைகள், என் ஊர்கள், கண்ணுக்குட்பட்ட எதிரிகள், இன்னும் யாரும் எடுக்காத வளங்கள் என்று பிரித்து, சுட்டிக்கு அருகிலிருப்பது முதலில் வருமாறு அடுக்க வேண்டும். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தால் சுட்டி அங்கே தாவ வேண்டும். பெரிய வரைபடத்தை ஆளக்கூடியதாக மாற்றுவது இந்த வசதிதான்.

மூன்றாவது, வினா விசைகள். இந்தப் படை அந்தக் கட்டத்தை எத்தனை முறையில் அடையும், வழியில் ஆபத்து உண்டா, இந்தத் தாக்குதலில் எவ்வளவு சேதம் வரும் என்பனவற்றைப் பார்வையுள்ளவர் திரையில் நிழலோடும் கோடுகளையும் எண்களையும் பார்த்து அறிகிறார். அவையும் கேட்டால் கிடைக்க வேண்டும்.

நான்காவது, நிகழ்வுப் பதிவேடு. எதிராளியின் முறையில் பல நிகழ்வுகள் திரையில் அசைந்து மறைந்துவிடும். அவை அனைத்தும் எழுத்தாகப் பதிவாகி, முன்னும் பின்னும் நகர்ந்து மீண்டும் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். முறை தொடங்கும்போது சுருக்கமான தொகுப்பு ஒன்று வந்தால், கவனம் எங்கே வேண்டும் என்பது உடனே விளங்கும்.

ஐந்தாவது, கிளைவிடும் படங்கள். ஒரு கண்டுபிடிப்பிலிருந்து இன்னொன்று பிறக்கும் தொழில்நுட்ப மரம் வியூக விளையாட்டுகளில் பரவலானது. அதைக் கோடுகளின் படமாக விவரிப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்தேவை எது, இதைப் பெற்றால் அடுத்து எது திறக்கும் என்ற இரண்டு பட்டியல்கள் போதும்.

இவை அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வியூக விளையாட்டுகளில் ஆராயப்படாத பகுதி மூடுபனியால் மறைக்கப்பட்டிருக்கும். பார்வையுள்ளவருக்கு மறைந்திருப்பது பார்வையற்றவருக்கும் மறைந்தே இருக்க வேண்டும். அவருக்குத் தெரிவது இவருக்கும் தெரிய வேண்டும். குறைவாகச் சொன்னால் அநீதி. கூடுதலாகச் சொன்னால் ஆட்டம் கெடும்.

ஒலியின் பலமும் எல்லையும்

பேச்சு துல்லியமானது, ஆனால் மெதுவானது. அரை நொடிக்குள் முடியும் சிறு ஒலி பல சமயம் ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்துவிடும். தண்ணீர்க் கட்டத்தில் சுட்டி நின்றால் அலையோசை, காட்டில் நின்றால் இலைச் சலசலப்பு, நகர முடியாத இடத்தில் ஒரு தட்டல் என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் நிலத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

ஒலி வரும் திசையை மனிதர் அறிவது, அது இரு காதுகளையும் அடையும் நேர வேறுபாட்டாலும் உரப்பு வேறுபாட்டாலும். அந்த நேர வேறுபாடு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. ஆனாலும் மூளை அதைக் கணக்கிட்டுவிடுகிறது. இடம் வலம் பிரித்தறிவதில் காது கூர்மையானது. மேல் கீழ், முன் பின் என்பதில் அது தடுமாறும். எனவே கிழக்கையும் மேற்கையும் வலது இடது காதுகளில் வைத்து, வடக்கையும் தெற்கையும் சுருதியின் ஏற்ற இறக்கத்தால் காட்டுவது ஒலிவழி ஆட்டங்களில் பழக்கமான உத்தி.

ஒலியை அளவோடு பயன்படுத்துவதும் அவசியம். ஒரே நேரத்தில் பத்து ஒலிகள் எழுந்தால் எதுவும் பிடிபடாது. பேச்சு, குறிப்பொலி, பின்னணி இசை மூன்றுக்கும் தனித்தனி ஒலியளவுக் கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு குறிப்பொலியும் எதைக் குறிக்கிறது என்று ஆட்டத்துக்கு வெளியே கேட்டுப் பழகும் பட்டியலும் வேண்டும்.

பதிவுசெய்த குரலைவிட, ஆடுபவர் ஏற்கெனவே வைத்திருக்கும் திரைவாசிப்பானிடம் எழுத்தை ஒப்படைப்பது மேலானது. அவருக்குப் பழகிய குரலும் வேகமும் அதில் இருக்கின்றன. காதும் கேளாத, கண்ணும் தெரியாத ஒருவருக்கு அந்த எழுத்து அவருடைய பிரெய்ல் கருவியில் தானாகவே போய்ச்சேரும். இந்த ஒப்படைப்பைச் செய்ய விண்டோஸில் ‘டோல்க்’ போன்ற சிறு நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. தொட்டு அறியும் முழுப்பக்கக் கருவிகளும் வந்துவிட்டன: தென்கொரியாவின் ‘டாட் பேட்’ 2,400 முனைகளால் படத்தை உயர்த்திக் காட்டுகிறது. வரைபடத்துக்கு இவை மிகப் பொருத்தமானவை. விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் இப்போதைக்கு இவை துணைக்கருவிகளே.

பார்வையற்றோர் அனைவரும் முழு இருளில் இருப்பவர்களும் அல்லர். மங்கலாகத் தெரிபவர்களுக்குப் பெரிய எழுத்து, அழுத்தமான நிற வேறுபாடு, திரையைப் பெரிதாக்கும் வசதி ஆகியவை பேச்சோடு சேர்ந்து பயன்படும். எதிரி சிவப்பு, நண்பன் பச்சை என்று நிறத்தால் மட்டுமே பிரிக்காமல் வடிவத்தாலும் பிரிப்பது நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வேண்டியது.

நேரம் என்னும் தடை

ஆளுக்கொரு முறையாக நகரும் ஆட்டங்களில் நேரம் சிக்கலாவதில்லை. கேட்டு, யோசித்து, முடிவெடுக்கலாம். எல்லோரும் ஒரே சமயத்தில் இயங்கும் நிகழ்நேர ஆட்டங்களில் காதின் நிதானம் பாதகமாகும். அங்கே மூன்று வழிகள் உள்ளன. ஆட்டத்தை நிறுத்திவைத்துக் கட்டளையிட அனுமதிப்பது ஒன்று. வேகத்தைக் குறைக்க அனுமதிப்பது இன்னொன்று. தனித்தனி வீரர்களை இழுத்து நகர்த்துவதற்குப் பதிலாக, ‘இந்தப் பகுதியைக் காவல் செய்’, ‘அருகிலுள்ள மரத்தை வெட்டிக்கொண்டே இரு’ என்று பெரிய கட்டளைகளைத் தருவது மூன்றாவது.

இந்த மூன்றாவது வழியின் பலத்தை ‘சவுண்ட்ஆர்டிஎஸ்’ காட்டியது. பார்வையற்றோருக்கெனவே எழுதப்பட்ட, மூலநிரல் திறந்த நிகழ்நேர வியூக விளையாட்டு அது. களத்தைப் பெரிய சதுரங்களாகப் பிரித்து, சதுரம் சதுரமாக நகர்ந்து அங்கிருப்பதைக் கேட்டு, விசைப்பலகையால் கட்டளையிட வைத்தது. இணையத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடவும் அதில் முடியும். நிகழ்நேர ஆட்டம் காதுக்கு ஒவ்வாது என்ற எண்ணத்தை அது தகர்த்தது.

செய்து காட்டியவர்கள்

கணினி விளையாட்டின் தொடக்கம் எழுத்தாகவே இருந்தது. 1970களில் வந்த ‘கொலோசல் கேவ்’, ‘சோர்க்’ போன்ற சாகசங்களும், 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த பல்லாட்டக்காரர் உலகமான ‘மட்’ வகையும் எழுத்தால் ஆனவை. அவ்வகை ஆட்டங்களைத் திரைவாசிப்பானால் ஆட முடிந்தது. படம் ஆட்சிக்கு வந்தபின் அந்தக் கதவு மூடியது. பார்வையற்றோர் தங்களுக்கென ஒலி விளையாட்டுகளைத் தாங்களே உருவாக்கத் தொடங்கினார்கள். ‘டைம் ஆஃப் கான்ஃபிளிக்ட்’ போன்ற போர் வியூக ஆட்டங்கள் அப்படி வந்தவை.

எல்லோருக்குமான சந்தையில் முன்மாதிரியாக நிற்பது ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’. 1999இல் கணினிக்கு வந்த இந்த ஆட்டத்தில் ஆடுபவர் ஒரு குலத்தின் தலைமையை ஏற்கிறார். மந்தைகளைப் பெருக்குவது, அண்டைக் குலத்தோடு உறவோ பகையோ கொள்வது, தெய்வங்களுக்குப் படைப்பது என ஆண்டுக்கணக்கில் முடிவுகள் தொடர்கின்றன. 2011இல் ஐபோனுக்கு வந்தபோது அதில் வாய்ஸ்ஓவர் வசதியைச் சேர்த்தார்கள். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் அதைத் தங்களுடையதாக ஏற்றார்கள். அதே குழுவின் அடுத்த ஆட்டமான ‘சிக்ஸ் ஏஜஸ்’ 2018இல் வந்தபோது அந்த வசதியோடேயே வந்தது. தனி மனிதர் ஒருவரின் உழைப்பில் உருவான எழுத்துவழி அரசாட்சி ஆட்டமான ‘வார்சிம்’ திரைவாசிப்பான் வசதியைப் பெற்றது. சிறு குழுக்களால் இவ்வளவு முடிகிறது.

பெரிய ஆட்டங்களில் வழி திறந்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ‘மோட்’ எனப்படும் துணைநிரல்களை எழுதி, ஆட்டத்தின் உள்தரவைத் திரைவாசிப்பானுக்குக் கொண்டுவருகிறார்கள். சீட்டு வியூக ஆட்டமான ‘ஹார்த்ஸ்டோன்’ இப்படித்தான் ‘ஹார்த்ஸ்டோன் ஆக்சஸ்’ வழியாகத் திறந்தது. ‘ஸ்லே த ஸ்பயர்’ ஆட்டத்துக்கு ‘சே த ஸ்பயர்’ வந்தது. மிகக் கடினமான சோதனை ‘ஃபேக்டோரியோ’: ஆயிரக்கணக்கான கட்டங்களில் எந்திரங்களையும் நகரும் பட்டைகளையும் இணைத்துத் தொழிற்சாலை எழுப்பும் ஆட்டம் அது. ‘ஃபேக்டோரியோ ஆக்சஸ்’ அதில் கட்டம் கட்டமாக நகரும் சுட்டியையும், சுற்றியுள்ளவற்றை வகைபிரித்துப் பட்டியலிடும் வருடியையும் சேர்த்தது. இவ்வளவு அடர்த்தியான ஆட்டத்தைச் சொல்லாக்க முடியுமென்றால், வேறு எந்த வியூக விளையாட்டும் விலக்குக் கேட்க முடியாது.

பெரு நிறுவனங்கள் மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. 2020இல் வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வெளியானது. பார்வையற்றோர் அதை முழுமையாக ஆடி முடித்தார்கள். 2023இல் வந்த ‘ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்’ கார்ப் பந்தயத்தையே ஒலிக்குறிப்புகளால் ஓட்டக்கூடியதாக்கியது. பார்வையற்ற ஆட்டக்காரரும் ஆலோசகருமான பிராண்டன் கோல் இந்த இரண்டிலும் பங்களித்தவர், 2024இல் மறைந்தார். சாகசத்திலும் பந்தயத்திலும் முடிந்தது, நிதானமாக ஆடும் வியூக வகைக்கு இன்னும் பரவலாகாமல் இருப்பதற்கு நுட்பத்தைக் காரணம் சொல்ல இயலாது.

தன்னார்வலர் மேல் ஏறிய சுமை

துணைநிரல்களை நம்பியே பார்வையற்றோர் ஆட வேண்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது. ஆட்டத்தை நிறுவனம் புதுப்பிக்கும்போதெல்லாம் துணைநிரல் உடையக்கூடும். எழுதியவர் ஓய்வு நேரத்தில் அதைச் சரிசெய்யும்வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். அவர் களைத்து விலகினால் வாசல் மூடிவிடும். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்ற கருவிகளில் இத்தகைய துணைநிரலுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. இணையப் போட்டிகளில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல்நிரல், உதவிக்கு வந்த துணைநிரலையும் ஏமாற்று வேலையாக எண்ணி முடக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பயன்படுத்த மூன்றாமவரின் தயவை எதிர்பார்க்க வைப்பது நியாயமாகாது.

நிறுவனங்களுக்கு இப்போது கருவிகளும் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் 2020இல் எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டல்களை வெளியிட்டது. ஆட்டங்களை உருவாக்கும் அடித்தள மென்பொருள்களில் ‘யூனிட்டி’ கைபேசிகளுக்கான திரைவாசிப்பான் ஆதரவைச் சேர்த்தது. ‘கோடோ’ 2025இல் வந்த 4.5 பதிப்பில் அதைக் கொண்டுவந்தது. பொத்தானும் பட்டியலும் தம்மைத் தாமே அறிவிக்கும் வேலையை இவை எளிதாக்குகின்றன. வரைபடத்தைச் சொல்லாக்கும் வேலை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்தின் வடிவமைப்பாளரும் செய்ய வேண்டியது. அந்த ஆட்டத்தில் எது முக்கியம் என்பது அவருக்கே தெரியும்.

மறுப்புகளும் விடைகளும்

செலவு கூடும் என்பது முதல் மறுப்பு. முடிந்த ஆட்டத்தில் ஒட்டுப்போட்டால் செலவு கூடத்தான் செய்யும். தொடக்கத்திலேயே தரவையும் படத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் அந்தச் செலவு பெருமளவு குறையும். அப்படிப் பிரித்து எழுதுவது பிழை கண்டுபிடிக்கவும், பிற மொழிகளுக்கு மாற்றவும், வேறு கருவிகளுக்குக் கொண்டுசெல்லவும் உதவும் நல்ல பழக்கம்.

ஆடுவோர் குறைவு என்பது இரண்டாவது மறுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். வயது ஏற ஏறப் பார்வை மங்குவோரையும் சேர்த்தால் அணுகல் வசதியால் பயன்பெறுவோர் இன்னும் அதிகம். விசைப்பலகையால் மட்டும் ஆடும் வசதி கைநடுக்கம் உள்ளவருக்கும் உதவும். நிகழ்வுப் பதிவேடு எல்லோருக்கும் உதவும். ஆடவே முடியாத ஆட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று சொல்வது கணக்காகாது.

போட்டியில் சமநிலை கெடும் என்பது மூன்றாவது. மூடுபனி விதியை மதித்தால் பார்வையற்றவருக்குக் கூடுதல் தகவல் எதுவும் கிடைக்காது. நிகழ்நேரப் போட்டியில் வேகத்தை இருதரப்பும் ஒப்பி அமைக்கும் தனி அறைகளை வைக்கலாம். சதுரங்கம் இந்தக் கேள்வியை விதிகளால் தீர்த்திருக்கிறது.

சட்டமும் தமிழும்

பொழுதுபோக்கு சலுகையாகத் தரப்படுவதல்ல, அது உரிமை. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றது. அதன் அடிப்படையில் எழுந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கில் சமவாய்ப்பைப் பேணும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அன்றாட மின்னணுப் பொருள்கள் அனைவருக்குமான வடிவமைப்பில் கிடைக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வீடியோ கேம்களுக்குள் இருக்கும் உரையாடல் வசதிகளுக்கு வழங்கப்பட்ட விலக்கு 2018 இறுதியோடு முடிந்தது. அந்தக் கட்டாயம் உரையாடல் பகுதியோடு நின்றுவிட்டது. ஆட்டத்தின் உள்ளே அது நுழையவில்லை. சட்டம் இன்னும் ஓரடி முன்னேற வேண்டியிருக்கிறது.

தமிழ் பேசும் பார்வையற்றோருக்கு இன்னொரு தேவையும் உண்டு. என்விடிஏவோடு வரும் ‘ஈஸ்பீக்’ குரல் தமிழ் படிக்கும். சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களின் ஆய்வில் இந்திய மொழிகளுக்கான பேச்சுக் குரல்கள் உருவாகியுள்ளன. ஆகவே தமிழில் எழுத்து இருந்தால் அது பேசும். அந்த எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய குறியேற்ற எழுத்துருவிலோ படமாகவோ தமிழைப் போட்டால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் குழப்பம். தமிழில் ஆட்டம் உருவாக்கும் இளைஞர்கள் முதல் நாளிலிருந்தே இதை மனதில் கொண்டால், பெரிய நிறுவனங்கள் தாமதித்ததை இங்கே தாமதமின்றிச் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

ஆட்டம் உருவாக்குவோருக்கான வேலைகளை வரிசையாகவே சொல்லலாம். தரவையும் படத்தையும் பிரித்து எழுதுவது முதல் படி. எல்லாச் செயல்களையும் விசைப்பலகையால் செய்ய வைப்பது அடுத்தது. பட்டியல்களையும் பொத்தான்களையும் திரைவாசிப்பானுக்கு அறிவிப்பது, வரைபடச் சுட்டியையும் வகைப் பட்டியலையும் வினா விசைகளையும் பதிவேட்டையும் சேர்ப்பது, அதன்பின் குறிப்பொலிகளை அமைப்பது என வேலை நகரும். புதிதாக ஆடுவோருக்கான பயிற்சிப் பகுதியும் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். ‘ஒளிரும் பொத்தானை அழுத்துக’ என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது.

இந்த வேலை முழுவதிலும் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் உடன் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்ப்பது அவர்களின் பழக்கத்தையும் வேகத்தையும் காட்டாது. அவர்களை ஊதியம் பெறும் சோதனையாளர்களாகவும் ஆலோசகர்களாகவும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அமர்த்த வேண்டும். விற்பனைப் பக்கத்தில் எந்த அணுகல் வசதிகள் உண்டு என்று தெளிவாக எழுத வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்பும் அவை இயங்குகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அரசு நிதியில் உருவாகும் கல்வி விளையாட்டுகளுக்கு இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். ஆட்ட வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரிகள் அணுகலைப் பாடத்திட்டத்தின் பகுதியாக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு வேண்டியதில்லை. ஆட்டத்தைத் திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே பார்வையற்ற ஆட்டக்காரரையும் கணக்கில் எடுத்தால் போதும்.